பெயிண்ட் என்று சொல்லி மார்க்கர் பேனாவால் தீட்டித் தருகிறார்கள், கவனம்

மரத்தில் கோடும் எண்ணும் பொறித்து வண்ணம் நிரப்பித் தருவதாகச் சொல்பவரிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள், முழுப் பணத்தையும் நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மரவேலை மேசையின் விளிம்பில் பதிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, சென்டிமீட்டருக்கு ஓர் எண், எல்லாம் கறுப்பில். பொறிப்பவர் காட்டிய மாதிரித் துண்டு, துளை எளிதில் கண்ணுக்குத் தெரியாத மேப்பிள் மரம். மயிரிழை போன்ற கோடுகள்; ஓரத்தில் பிசிறே இல்லை. "லேசரில் பொறித்து, எனாமல் பெயிண்ட் நிரப்பி, தேய்த்துத் தருவோம். மேல் பூச்சை மட்டும் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்" என்றார். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டேன்.

வந்தது தேக்கு. மேப்பிள் கிடைக்கவில்லையாம், இது அதைவிட உசத்தியாம். கதவுக்கு உசத்திதான், யார் இல்லை என்றார்கள்? தேக்கின் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். மெல்லிய கோடு ஒன்று அந்தத் துளையைத் தொட்டால் போதும், வண்ணம் ரேகையோடு ஓடிவிடும். பழைய மர அளவுகோல்களைத் துளை தெரியாத பாக்ஸ்வுட்டில் செய்தது சும்மா இல்லை.

ஆனாலும் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் குறை தெரியவில்லை. ஓர் ஓரத்தில் ஷெல்லாக் பூச ஆரம்பித்தேன். தூரிகை நகர நகர, அதன் பின்னாலேயே கறுப்பு இளகி ஊதாவாக இழுபட்டு வந்தது. '3' என்ற எண் தூரிகை போன திசையில் வால் முளைத்து நின்றது. ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. காய்ந்த எனாமல் அதற்கு இப்படி அசையாது. ஸ்பிரிட் பட்டதும் ஓடுவது மார்க்கர் பேனா மை.

பூசாத பகுதியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பள்ளத்துக்குள் பெயிண்ட் என்று எதுவும் இல்லை. பாதிக் கறுப்பு லேசர் கருக்கியது, மீதி மை ஊறிய கறை. '8'-இன் நடுவில் நிற்க வேண்டிய குட்டித் தீவுகள் சில இடங்களில் பெயர்ந்து போயிருந்தன. அந்தப் பள்ளத்தையும் பேனாவால் தீட்டி மறைத்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "மரம் என்றால் அப்படித்தான் சார், மை ஊறத்தான் செய்யும்" என்றார். என்னை எரிச்சலூட்டியது இந்தப் பதில்தான். மரம் ஊறும் என்பது தெரிந்துதானே முதலில் அதன் வாயை அடைக்கிறோம்? மேற்பரப்பை வழவழப்பாக்கி, மெல்லிய ஷெல்லாக் பூசிக் காயவிட்டு, அதற்குப் பிறகே பொறிக்க வேண்டும். பொறித்ததும் பள்ளத்தின் சுவர் பூச்சு இல்லாத வெறும் மரமாக இருக்கும். அதற்கும் ஒரு பூச்சு. கரியை ஸ்பிரிட் துணியால் துடைக்கக் கூடாது, பூசிய அரக்கே கரைந்துவிடும். உலர்ந்த பிரஷ் போதும். பிறகு கெட்டியான பெயிண்டை நிரப்பி, நன்றாக இறுகியபின் தட்டையான கட்டையில் 320 எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால், மேலே வழிந்ததெல்லாம் போய்க் கோடு மட்டும் நிற்கும்.

இதற்குப் பள்ளம் ஓரளவு ஆழமாக இருக்க வேண்டும். ஏமாற்று தொடங்குவது அங்கேதான். லேசரை வேகமாக ஓட்டினால் நேரம் மிச்சம், ஆனால் ஆழம் வராது. ஆழம் இல்லாததைத் தேய்த்தால் கோடே அழிந்துவிடும். எனவே தேய்க்காமல் பேனாவை எடுக்கிறார்கள். மேல் பூச்சை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும் சோம்பலால் அல்ல என்பது எனக்கு இப்போது புரிகிறது.

ரசீதைக் காட்டிய பிறகு பாதிப் பணம் திரும்பியது. மீதிக்கு, மறுபடி பொறித்துத் தருவதாகச் சொல்கிறார். அதே கையிடம் இன்னொரு மரத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் கொடுப்பதானால், உங்களுக்குப் போடப்போகும் அதே மரத்தின் வெட்டுத் துண்டில் நான்கு எண்கள் பொறித்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். வேறு மரத்தின் மாதிரி எதற்கும் ஆகாது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்தத் துண்டில் ஒற்றி எடுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் என்றால் அழுத்தித் தேய்க்கும்போது கொஞ்சம் இளகலாம், அதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். ஒற்றிய மாத்திரத்தில் பஞ்சு ஊதாவானால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.