கண்மாயைச் சுற்றி மூன்றரை வருடம் ஓட்டிய எம்டிபி: என் அனுபவம்

2022 பிப்ரவரியில் வாங்கிய மவுண்டன் பைக், சுருக்கமாக எம்டிபி. 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. மீட்டர் இப்போது 9,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அதில் முக்கால்வாசி ஒரே ஒரு கண்மாயைச் சுற்றிச் சுற்றி ஓட்டியது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர்க் கண்மாய். ஊர் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, மழைக்காலத்தில் அங்கே நாரைகள் கூடு கட்டுகின்றன, கூட்டம் சேர்ந்தால் அவை கிளம்பிவிடும்.

ஒரு சுற்று 11 கிலோமீட்டர் சொச்சம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கண்மாய்க்கு நான்கு பக்கமும் கரை இருக்காது. எங்கள் பக்கம் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கிழக்கே மட்டும் நீளமாக ஒரு கரை வளைந்து போகும், மேற்கே தண்ணீர் ஏறி நிற்கும் தரையை உள்வாய் என்போம். அதனால் ஒரே சுற்றில் மூன்று விதமான தரை கிடைக்கிறது: கரை மேல் டிராக்டர் தடம், உள்வாயில் களிமண்ணும் முள்காடும், கடைசியில் கொஞ்சம் தார்ச்சாலை. மலையே இல்லாத மாவட்டத்தில் இந்த வண்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த உள்வாய்தான் பதில்.

கூட வருபவன் பள்ளிக்காலத்து நண்பன். அவனுடையது பழைய வண்டி, 12,000 ரூபாய்க்குக் கைமாற்றி வாங்கியது, சஸ்பென்ஷனே கிடையாது, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வெறும் இரும்பு, கேபிள் பிரேக். இரண்டும் ஒரே தடத்தில் ஒரே நாட்களில் ஓடியதால் எது உண்மையில் தேவை, எது காசுக்குக் கேடு என்று எங்களுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

முதலில் முள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் என்னை அழ வைத்தது. முதல் நான்கு மாதத்தில் 14 பஞ்சர். சீமைக் கருவேல முள் டயரின் தடித்த பட்டனுக்கு நடுவே நேராக இறங்கி டியூபைத் துளைத்து, சில நேரம் டியூபின் மறுபக்கமும் வந்து நிற்கும். கரிமூட்டம் போடுவதற்கு மரம் வெட்டும் நாட்களில் இன்னும் மோசம், கட்டையை எடுத்துக்கொண்டு சிறு கிளைகளைத் தடத்திலேயே விட்டுவிடுவார்கள், இரண்டு வாரத்தில் அது காய்ந்து மண் நிறமாகிவிடும், கண்ணுக்கே படாது. கரை மேல் நெருஞ்சி. அது ஒரே நேரத்தில் ஏழெட்டு இடத்தில் சின்னச் சின்னதாகக் குத்தி வைக்கும், டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் எல்லாப் பக்கமும் குமிழி வரும், எதை ஒட்டுவது என்றே தெரியாது.

ஐந்தாவது மாதம் டியூப்லெஸ்ஸுக்கு மாறினேன். ரிம்முக்கு டேப், பிரெஸ்டா என்னும் ஒல்லியான சைக்கிள் வால்வு, ஒவ்வொரு டயரிலும் 100 மில்லி சீலண்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். கைப்பம்பால் டயர் ரிம்மில் உட்காரவே உட்காராது, ஒரே மூச்சில் காற்று போக வேண்டும். பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வில் மாட்டிப் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்தேன், டப் டப்பென்று இரண்டு சத்தம், உட்கார்ந்துவிட்டது. அந்த அடாப்டர் இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது இரண்டே தடவை. முள் குத்தியது தெரிந்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் பொறுத்தால் சீலண்ட் அடைத்துவிடும். ஆனால் எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்கிறது. சீலண்ட் போட்டாயிற்று என்று ஆறு மாதம் அப்படியே விட்டதால்தான் அந்த இரண்டு தடவையும் தள்ள நேர்ந்தது, டயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் தோல்தான் இருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகவே 50 மில்லி ஊற்றிவிடுகிறேன்.

நண்பன் இவ்வளவு செலவு செய்யவில்லை. தடிமனான டியூப், அதற்குள் கொஞ்சம் சீலண்ட், டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பட்டை. வண்டி கனத்துப்போகிறது, ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வருடத்துக்கு மூன்று நான்கு பஞ்சருக்கு மேல் அவனுக்கு வருவதில்லை. காசு இடிக்கிறது என்றால் தயங்காமல் அந்த வழியில் போங்கள்.

அடுத்தது உப்பு. இதை வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளங்கள், கொஞ்சம் தள்ளிக் கடல், காற்றிலேயே உப்பு இருக்கிறது. நனைந்த செயினை ஒரு இரவு அப்படியே விட்டால் காலையில் ஆரஞ்சு நிறம். முதல் வருடம் நான் பொறுப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வீட்டு போர் தண்ணீரில் கழுவினேன். எங்கள் போர் தண்ணீரே உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். பெடல் சுற்றும் அச்சில் உள்ள கிராங்க் பேரிங் 3,000 கிலோமீட்டரில் கரகரவென்று பேச ஆரம்பித்தது, ஸ்போக் நிப்பிள்களில் வெள்ளைப் பொடி, சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் இறுகி அசைய மறுத்தது. வாங்கிய கடையில் வாரண்டி பேசிப் பார்த்தேன், துருவுக்குக் கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது கழுவுவதே அபூர்வம். காய்ந்த துணியால் துடைப்பேன், களிமண் ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன், கடற்கரை மணலில் இறங்கிய நாளில் மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீர் அரை வாளி. குடிக்கிற தண்ணீர் என்பதால் அரை வாளிக்கு மேல் எடுக்க எனக்கு மனசு வராது. சீட் போஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து கிரீஸ் தடவுகிறேன், ஸ்க்ரூக்களுக்கும் அப்படியே. செயினுக்கு ஆரம்பத்தில் கெட்டியான எண்ணெய் விட்டேன், அதில் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தள்ளியது, 1,400 கிலோமீட்டரில் செயின் நீண்டுவிட்டது. அப்புறம் பாரஃபின் மெழுகை உருக்கி அதில் செயினை முக்கி எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த செயின் 4,000 கிலோமீட்டர் வந்தது, கையிலும் கருப்பு ஒட்டாது. இந்த ஊர் மணலுக்கு மெழுகை விடச் சரியானது எதையும் நான் பார்க்கவில்லை.

பிரேக் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் ஹைட்ராலிக் ஒரு நாளும் ஏமாற்றவில்லை, அவன் கேபிள் வருடம் ஒருமுறை துருப்பிடித்து மாற்ற வேண்டியிருக்கிறது, 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சஸ்பென்ஷன்தான் நான் ரொம்ப யோசித்த விஷயம். மழை முடிந்து தண்ணீர் பின்வாங்கும்போது உள்வாய்ச் சேற்றில் மாடுகள் நடக்கும், மார்ச்சில் அந்தக் குளம்புத் தடமெல்லாம் கல்லாகக் காய்ந்துவிடும், அதன் மேல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் பல் ஆடும். அங்கே என் ஃபோர்க் உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டயர் காற்றை 38 பிஎஸ்ஐயில் இருந்து 25க்கு இறக்கிய நாளில் கிடைத்த சொகுசு ஃபோர்க் தந்ததை விட அதிகம். டியூப் இருந்தால் அவ்வளவு இறக்க முடியாது, ரிம் கடித்து டியூப் கிழியும். மறுபடி வாங்கினால் நண்பனுடையது போல சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கும், மிச்சக் காசில் நல்ல சக்கரமும் நல்ல டயரும்தான் வாங்குவேன். இரண்டு வருடத்தில் என் ஃபோர்க்கின் சீலுக்குள் தூசி போய் ஒருமுறை மதுரைக்கு அனுப்பிப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது, அந்த இரண்டு வாரமும் அவன் தனியாகச் சுற்றினான்.

விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம், கண்மாய் வறண்டு தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குக் குறுக்கே ஓட்டினால் பிரச்சினை இல்லை, நான் பேச்சு சுவாரசியத்தில் அதன் போக்கிலேயே போய்விட்டேன். முன் சக்கரம் உள்ளே இறங்கி நின்றது, நான் நிற்கவில்லை. தோள்பட்டையில் ஆறு வாரம் கட்டு போட்டிருந்தேன். "மாப்ள, அசையாத, அப்படியே கெட" என்று நண்பன் சொல்லிவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயாவைக் கூப்பிட்டு வந்து, இரண்டு பேருமாகக் கரை வரை என்னைத் தாங்கிக்கொண்டு போனார்கள். செல்போன் டவர் கிடைக்காத இடம். உள்வாய்க்குத் தனியாகப் போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது அதனால்தான்.

அதே ஐயாதான் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். மழை விட்ட மறுநாள் ஆசையாகக் கரை மேல் ஏறியபோது தடுத்து நிறுத்தி, "கரை ஈரமா இருக்கப்ப ஓட்டாதீக அப்பு, தடம் விழுந்தா அடுத்த மழைத்தண்ணி அது வழியாத்தான் எறங்கும், கரை அரிச்சுப்போகும்" என்றார். எங்கள் டயர் தடத்தைத் திரும்பிப் பார்த்தோம், விரல் ஆழத்துக்கு நீளமாக ஒரு வாய்க்கால். அந்தக் கரைக்குக் கீழே எத்தனை பேருடைய வயல். அதிலிருந்து மழை பெய்தால் கரை காயும் வரை வண்டியை எடுப்பதில்லை, மடைகள் இருக்கும் இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடக்கிறோம்.

காற்றுக்கு கியர் இருந்தும் பயனில்லை, திட்டம்தான் வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, வடகிழக்கில் இருந்து. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான், தென்மேற்கில் இருந்து புழுதியோடு. வாடையில் தெற்கு முனையில் தொடங்குவோம், கச்சானில் வடக்கு முனையில். புதுத் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். எதிர்காற்றில் அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறிக்கொள்வோம், அவன் உடம்பு அகலம், பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதி. காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். கோடையில், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு அருகே பதநீர் கிடைத்தால் அன்று ஒரு சுற்று கூடுதல்.

கண்மாய் பெருகிவிட்டால் உள்வாய் மூழ்கிவிடும், சுற்று கிடையாது, கரையில் போய்க் கரையிலேயே திரும்ப வேண்டும். கூடு இருக்கும் கருவேல மரங்களுக்கு நேராக வரும் இடத்துக்கு முன்பே நாங்கள் திரும்பிவிடுவோம். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025இல். அவை சரணாலயங்கள், அங்கே வண்டியோடு போக எங்களுக்கு எண்ணமே இல்லை, பைனாகுலரோடு போவோம். எங்கள் கண்மாய்க்கு எந்தப் பட்டியலும் இல்லை, ஆனாலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வருகின்றன.

இப்போது என் பின் டயர் வழுக்கையாகிவிட்டது. அதே 2.25 அகலத்தில், பக்கச்சுவர் தடித்த டயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் மழைக்கு முன் உள்வாயில் இன்னும் நாலைந்து சுற்று மிச்சம் இருக்கிறது, வடக்கு மூலையில் மறுபடி மூட்டத்துக்கு மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று நண்பன் நேற்று சொன்னான், அதனால் டயர் வந்த பிறகுதான் போகப் போகிறோம்.