செட்யுடிசிஹவர்ஸ்: நாலு பூஜ்ஜியம் போட்டால் நல்ல பிள்ளை

ஜாவாஸ்கிரிப்டில் தேதியையும் நேரத்தையும் வைத்திருக்கும் டேட் ஆப்ஜெக்டில் நாளின் தொடக்கத்தை (00:00 மணி) எடுக்க, முதலில் உள்ளூர் நேரப்படி மணியை மாற்றும் செட்ஹவர்ஸ்தான் (setHours) போட்டிருந்தேன். யுடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) ஓடும் சர்வரில் சரியாக வந்தது, யுடிசிக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும் ஒரு மெஷினில் ஓட்டியதும் அங்கத்திய நள்ளிரவு யுடிசி கணக்கில் முந்தைய நாள் 21:00 ஆகி, அறிக்கை முழுக்கக் குளறுபடி. யுடிசிப்படி மணியை மாற்றும் செட்யுடிசிஹவர்ஸுக்கு (setUTCHours) மாறியபின் எங்கே ஓட்டினாலும் ஒரே பதில், கோடைக்கால நேர மாற்றத் தொல்லையும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு 0 கொடுத்தால் மணி மட்டும்தான் மாறும், 14:37:52 என்பது 00:37:52 ஆகி நிற்கும். நிமிடம், நொடி, மில்லிநொடிக்கும் சேர்த்து நாலு பூஜ்ஜியம் கொடுத்தாக வேண்டும். 24 கொடுத்தால் சத்தமில்லாமல் மறுநாளுக்குத் தாவிவிடும் (சில நேரம் இது வசதிதான்). எனக்கு எரிச்சல் எதில் என்றால், புது தேதியைத் தராமல் இருக்கிற ஆப்ஜெக்டையே மாற்றிவிட்டு, 1970 ஜனவரி 1 முதலான மில்லிநொடிக் கணக்கைக் கையில் கொடுக்கிறது. அதனால் நகல் எடுத்துக்கொண்டுதான் கை வைப்பேன். அப்புறம், விடையைச் சரிபார்க்க யுடிசி நேரத்தைக் காட்டும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போடுங்கள், டூஸ்ட்ரிங் (toString) உள்ளூர் நேரத்தைக் காட்டிக் குழப்பும். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு.