ஒரே கரண்டா, ஒரே வோல்டேஜா? எல்இடியை சீரியலில் கோக்க எந்த டிரைவர்

எல்இடி விளக்குகளைத் தானே கோத்து எரியவைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் டிரைவர் போடலாம்?" என்றுதான். (டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி.) கேள்வியே கொஞ்சம் கோணல். வாட் கணக்கு கடைசியில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்னால் ஒன்று முடிவாக வேண்டும்: டிரைவர் எதை மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது, கரண்டையா, வோல்டேஜையா?

கரண்டை மாறாமல் தரும் டிரைவர் ஒரு ரகம். அடாப்டர் என்றும் எஸ்எம்பிஎஸ் என்றும் நாம் சொல்லும் 12 வோல்ட், 24 வோல்ட் சப்ளை இன்னொரு ரகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரு பக்கம் இரண்டு ஒயர், மறுபக்கம் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகள். குணம் மட்டும் நேர் எதிர். சீரியல் கோப்புக்கு, அதாவது ஒன்றன் பின் ஒன்றாகச் சரமாகக் கோப்பதற்கு, என் ஓட்டு முதல் ரகத்துக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன். இரண்டாவது ரகம் ஜெயிக்கும் இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

குண்டு பல்பிலிருந்து தொடங்கலாம். அதன் இழை சூடாக ஆக மின்தடை கூடும், கரண்ட் ஒரு அளவில் நின்றுவிடும். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் பொருள் அது. எல்இடிக்கு அந்த அடக்கம் கிடையாது. அது ஒரு டயோடு. ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் வரை பேசாமல் இருக்கும், அதைத் தாண்டினால் வோல்டேஜ் துளி ஏறினாலும் கரண்ட் எகிறும். போதாததற்கு, சூடானால் அதன் வோல்டேஜ் தேவை குறையும். அதாவது நாம் கொடுப்பது அதே வோல்டேஜாக இருந்தாலும், சூடு ஏற ஏற அது இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும். யாராவது வெளியிலிருந்து கரண்டைப் பிடித்து நிறுத்தியே ஆகவேண்டும். மாறாக் கரண்ட் டிரைவரில் அந்த வேலையை டிரைவரே செய்கிறது. 12 வோல்ட் சப்ளையில் அதை ஒரு ரெசிஸ்டர் தலையில் கட்டுகிறோம். மொத்தப் பஞ்சாயத்தும் இதுதான்.

பத்து எல்இடி, இரண்டு வழி

கையில் பத்து 1 வாட் வெள்ளை எல்இடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 மில்லி ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். (சிவப்பு என்றால் 2 வோல்ட் சுமாருக்கு முடிந்துவிடும். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது உண்மையில் நீல எல்இடி, அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீல ஒளிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும்.)

முதல் வழி, பத்தையும் ஒரே சரமாகக் கோப்பது. ஒன்றின் மைனஸ் அடுத்ததன் பிளஸுக்கு. 10 × 3.2 = 32 வோல்ட். இதற்கு '24–42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர்' என்று அச்சிட்ட டிரைவர் சரியாக இருக்கும். சிலவற்றில் '8–12 × 1 வாட்' என்றும் போட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: "24-ஆ 42-ஆ, எது வரும்?" டிரைவர் முடிவு செய்வது கரண்டை மட்டும். வோல்டேஜை முடிவு செய்வது விளக்குகள். பத்து எல்இடி மாட்டினால் 32 வோல்டில் வந்து நிற்கும், ஒன்பது மாட்டினால் 28.8. அந்த 24–42 என்பது டிரைவர் எட்டக்கூடிய எல்லை, அவ்வளவே.

எல்லைக்குக் கீழே போனால், உதாரணமாக நான்கு எல்இடி மட்டும் மாட்டினால், பல டிரைவர்கள் மினுக் மினுக்கென்று அணைந்து எரியும். எல்லைக்கு மேலே போனால் மங்கும், துடிக்கும், அல்லது எரியவே எரியாது. 13 எல்இடி 41.6 வோல்ட், 42-க்குள் அடங்குகிறதே என்று ஓரத்தில் நிற்கவும் கூடாது. குளிரில் எல்இடியின் வோல்டேஜ் தேவை சற்றுக் கூடும். ஓரத்தில் கோத்த சரம் குளிர்ந்த நேரத்தில் அடம்பிடித்து, சூடான பிறகு ஒழுங்காக எரிவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நிற்பதே நல்லது.

இரண்டாவது வழி, 12 வோல்ட் சப்ளை. நான்கை சீரியலாகக் கோத்தால் 12.8 வோல்ட், எட்டாது. மூன்று கோத்தால் 9.6. மீதி 2.4 வோல்டை ரெசிஸ்டர் தின்ன வேண்டும். 2.4-ஐ 0.3-ஆல் வகுத்தால் 8 ஓம். கிடைக்கும் அளவு 8.2 ஓம். மும்மூன்றாகத்தான் கோக்க முடியும் என்பதால் பத்தாவது எல்இடி தனியாக நிற்கிறது. ஒன்றைக் கழற்றி ஒன்பது ஆக்க வேண்டும், அல்லது இரண்டு கூட்டிப் பன்னிரண்டு ஆக்க வேண்டும். ஒவ்வொரு ரெசிஸ்டரும் சுமார் 0.7 வாட் சூட்டை வெளிவிடும், ஆகவே 2 வாட் ரெசிஸ்டர் போடுவது பத்திரம். சப்ளை கொடுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதம்தான் விளக்குக்கு, மீதி 20 சதவீதம் ரெசிஸ்டரில் வெறும் சூடு.

விரயத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது அடுத்தது. எல்இடிகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி 3.2 வோல்ட் இருக்காது. ஒரு பாக்கெட்டில் 3.4 வரும், இன்னொன்றில் 3.0. அதே 8.2 ஓம் ரெசிஸ்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள். 3.4 என்றால் ரெசிஸ்டருக்கு மிச்சம் 1.8 வோல்ட், கரண்ட் சுமார் 220 மில்லி ஆம்பியர். 3.0 என்றால் மிச்சம் 3 வோல்ட், கரண்ட் சுமார் 366. எல்இடிக்கு வெறும் 0.4 வோல்ட் வித்தியாசத்தில் ஒரு சரம் மங்கல், பக்கத்துச் சரம் தாங்கும் அளவைத் தாண்டிக் கொதிக்கிறது. சப்ளையில் வோல்டேஜ் திருகும் சின்ன ஸ்குரூவை யாராவது 12.5-க்கு ஏற்றி வைத்திருந்தால் கதை இன்னும் மோசம். மாறாக் கரண்ட் டிரைவரில் இந்தத் தலைவலியே கிடையாது. 3.0 வந்தாலும் 3.4 வந்தாலும், அதையும் இதையும் கலந்து கோத்தாலும், சரம் முழுக்க ஓடுவது அதே 300.

ரெசிஸ்டரே இல்லாமல் மூன்றை நேராக 12 வோல்டில் மாட்டுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எரியும், சீக்கிரம் கருகும். பொத்தான் செல்லில் எல்இடியை நேராக மாட்டி எரியவைப்பதைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. அந்தச் செல்லின் உள்மின்தடையே ரெசிஸ்டர் வேலையைப் பார்க்கிறது.

ஒன்று செத்தால் மொத்தமும் போய்விடாதா?

சீரியலுக்கு எதிராக எல்லோரும் முதலில் எடுத்துப் போடும் சீட்டு இது. போய்விடும். ஒரு எல்இடிக்குள் இருக்கும் முடியளவு கம்பி அறுந்தால் பத்தும் இருட்டு. 12 வோல்ட் கோப்பில் அந்த மூன்று மட்டும் அணையும், மற்றவை எரியும். இந்த ஒரு இடத்தில் வெற்றி இரண்டாவது வழிக்கே.

ஆனால் எல்இடி சாவது ஒரு விதத்தில் மட்டுமல்ல. அறுந்து சாகலாம், ஷார்ட் ஆகியும் சாகலாம். ஷார்ட் ஆனால் சீரியல் சரத்தில் அது மட்டும் இருண்டு, மற்ற ஒன்பதும் அதே 300 மில்லி ஆம்பியரில் நிம்மதியாக எரியும். 12 வோல்ட் கோப்பில்? மூன்றில் ஒன்று ஷார்ட் ஆனால் மீதி இரண்டுக்கு 6.4 வோல்ட் போதும், ரெசிஸ்டர் மேல் 5.6 வோல்ட் வந்து உட்காரும். கணக்குப்படி கரண்ட் 680 மில்லி ஆம்பியரைத் தொடும். ஒன்று செத்து, கூட இருந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதையே சீரியல்காரர்கள் வேறு வகையில் வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு. 600 மில்லி ஆம்பியர் டிரைவர் ஒன்றில் இரண்டு சரங்களைப் பக்கவாட்டில் மாட்டி, ஆளுக்கு 300 என்று கணக்குப் போடுவார்கள். ஒரு சரம் அறுந்தால் 600-ம் மற்றதன் தலையில் இறங்கும். சரத்துக்கு ஒரு டிரைவர் போட்டால் இந்த வம்பே இல்லை.

செத்ததைக் கண்டுபிடிக்க, டிரைவரை அணைத்து, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நல்ல எல்இடி மங்கலாகக் கண் சிமிட்டும். (மீட்டர் கொடுக்கும் வோல்டேஜ் போதாவிட்டால் சிமிட்டாது, அதை வைத்துச் செத்ததென்று முடிவு கட்டவேண்டாம்.) மீட்டர் இல்லாதவர்கள் ஒவ்வொன்றின் இரு முனையையும் ஒயர் துண்டால் இணைத்து அதைத் தாண்டிப் பார்ப்பார்கள், எதைத் தாண்டும்போது மற்றவை எரிகின்றனவோ அதுதான் போனது. டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரை வைக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் அணைத்து, ஒயரை மாட்டி, பிறகு போட்டுப் பாருங்கள்.

ஒரு முறை நான் அவசரப்பட்டேன். டிரைவர் ஓடிக்கொண்டிருக்க, சரத்தின் ஒயரை அதில் தொட்டேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அப்புறம் இருட்டு. ஒரு எல்இடி அறுந்திருந்தது. காரணம் பிறகு புரிந்தது: எதுவும் மாட்டாமல் ஓடும் மாறாக் கரண்ட் டிரைவர், கரண்ட் ஓடவில்லையே என்று வோல்டேஜைத் தன் உச்சிக்கு ஏற்றி வைத்திருக்கும். 42 என்று எழுதியிருக்கும் டிரைவரில் மீட்டர் அதற்கும் மேலே காட்டும். அவ்வளவும் வெளிப்பக்கக் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) நிரம்பியிருக்கும். 32 வோல்ட் சரம் அதைத் தொட்டதும் கெப்பாசிட்டர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். முதலில் விளக்குகளை மாட்டி, பிறகு டிரைவருக்கு மின்சாரம் கொடுங்கள். டிரைவருக்கும் விளக்குக்கும் நடுவே சுவிட்ச் வைப்பதும் இதே தப்புதான். 12 வோல்ட் சப்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம்.

தொடும் கைக்கு

12, 24 வோல்டைத் தொட்டாலும் பொதுவாகப் பயமில்லை. சீரியல் சரத்தில் எண்ணிக்கை கூடக் கூட வோல்டேஜும் கூடும்; இருபது எல்இடி என்றால் 64 வோல்ட். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. மலிவான பல டிரைவர்களில் உள்ளே வரும் வீட்டு மின்சாரத்துக்கும் வெளியே போகும் ஒயருக்கும் நடுவே பிரிப்பே இருக்காது. மீட்டர் 32 வோல்ட் என்றுதான் காட்டும், ஆனால் அந்த ஒயரைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவருக்கு மெயின்ஸ் ஷாக் அடிக்கும். உறைக்குள் மூடிய விளக்குக்கு அது பரவாயில்லை. கையால் கோக்கும் வேலைக்கு ஆகாது. வெளிப்பக்கம் பிரிக்கப்பட்டது என்றோ எஸ்இஎல்வி (மெயின்ஸிலிருந்து பிரித்த, பாதுகாப்பான குறைந்த வோல்டேஜ்) என்றோ குறித்திருக்கும் டிரைவரையே எடுங்கள்.

நீட்டிப்பதும் வெட்டுவதும்

12 வோல்ட் ஜெயிக்கும் இடம் ஸ்ட்ரிப் லைட். அதன் மேல் கத்தரிக்கோல் குறி போட்டிருக்கும் துண்டு ஒவ்வொன்றும் நாம் மேலே போட்ட அதே கோப்புதான்: பெரும்பாலும் மூன்று எல்இடி, ஒரு ரெசிஸ்டர். அதனால்தான் குறியில் எங்கே வெட்டினாலும் எரிகிறது. அலமாரி ஓரம் அளந்து, வெட்டி, ஒட்டி, நாளைக்கு இன்னும் ஒரு முழம் சேர்க்க நினைக்கும் வேலைக்குச் சீரியல் சரம் ஈடு கொடுக்காது. ஒவ்வொரு துண்டிலும் ஓடுவது சின்னக் கரண்ட் என்பதால் முன்னே சொன்ன ஏற்ற இறக்கமும் இதில் அவ்வளவாகக் கடிக்காது. சப்ளையை மட்டும் 80 சதவீதத்துக்கு மேல் சுமத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் கடைசி முனை மங்கும், வோல்டேஜ் வழியிலேயே தேய்வதால். இரண்டு முனையிலிருந்தும் சப்ளை கொடுக்கலாம், அல்லது 24 வோல்டுக்கு மாறலாம். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகும், ஒயரில் வீணாவது கால்வாசியாகும். மாறாக் கரண்ட் சரத்துக்கு ஒயர் நீளம் பெரிய பொருட்டே இல்லை. ஒயரில் ஒரு வோல்ட் வீணானால் டிரைவர் ஒரு வோல்ட் கூட்டிக் கொடுத்துவிடும்.

கூரையில் பதிக்கும் சின்ன விளக்குகளை ஒரே டிரைவரில் ஓட்ட நினைத்தால், அவற்றுக்குள் பெரும்பாலும் மூன்று 1 வாட் எல்இடி சீரியலாகவே இருக்கும், விளக்குக்கு சுமார் 9.6 வோல்ட். ஆறு மாட்டினால் 57.6. ஆறும் ஒரே மில்லி ஆம்பியர் கேட்பவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 700 கேட்கும் ஒன்றை 300 சரத்தில் சேர்த்தால் அது மங்கும், 300 ஒன்றை 700 சரத்தில் சேர்த்தால் அது கருகும். ஏழாவது விளக்கு பிறகு வரும் என்றால் 67.2 வோல்டுக்கும் இடம் இருக்கிற டிரைவரை இப்போதே வாங்கிவிடுங்கள்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பத்து எல்இடி சரத்தை 12 வோல்டில் மாட்டினால் எரியாது, கெடவும் கெடாது. சாண் நீள 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 300 மில்லி ஆம்பியர் டிரைவரில் மாட்டினால் நேர் மாறு: அதன் துண்டுக்குச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும் என்றிருக்க, அத்தனை கரண்டையும் டிரைவர் அதன் வழியே தள்ளப் பார்க்கும். ரெசிஸ்டர் பழுப்பாகிப் புகை வந்த பிறகே கை அணைக்கப் போகும். பெட்டிகள் ஒரே மாதிரி இருப்பதால், என் மேஜையில் உள்ள ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் 'கரண்ட்' அல்லது 'வோல்ட்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.