அரசு அனுமதியா, 480 நாளா, குறித்த கால வேலையா: எது தொழிலாளியைக் காக்கும்?

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு வேலைப் பாதுகாப்பு தர மூன்று வழிகள் சட்டத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே ஆளைக் காப்பதில்லை.

முதல் வழி, வேலையை விட்டு அனுப்புவதைக் கடினமாக்குவது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. இனி 250 பேர் உள்ள ஆலையில் ஆட்குறைப்பு செய்ய நோட்டீசும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும்; அரசின் முன் அனுமதி தேவையில்லை. பெரிய ஆலையிலும் இந்தக் காவல் முழுமையானதல்ல. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடியபோது, ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியேறினார்கள். கையெழுத்து விழுந்தபின் அனுமதி கேட்கும் அவசியமே இல்லை.

இரண்டாவது, தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். ஏனென்றால் அனுமதிச் சட்டம் ஏற்கெனவே பெர்மனென்ட் ஆனவருக்கே அதிகம் உதவுகிறது. இது வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் இதை ஏய்ப்பது சுலபம். 480 நாள் நெருங்கும்போது ஒரு பிரேக் கொடுப்பார்கள். டிரெய்னி என்று பெயர் வைப்பார்கள். அதே மெஷினில் அதே ஆள் நிற்க, கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும். வருகைப் பதிவேடு முதலாளி கையில். நிரூபிக்கும் பாரமோ தொழிலாளி தலையில். கட்டுமான வேலைக்கு இந்தச் சட்டமே கிடையாது.

மூன்றாவது, குறித்த கால வேலை; அதாவது இத்தனை காலத்துக்கு என்று எழுதி வேலைக்கு எடுப்பது. நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான சம்பளம், ஓராண்டிலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி). நல்லதுதான், கான்ட்ராக்ட் கூலியைவிட எவ்வளவோ மேல். ஆனால் காலம் முடிந்து அனுப்புவது ஆட்குறைப்பு ஆகாது. அதற்கு இழப்பீடும் இல்லை. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்ற உச்சவரம்பும் இல்லை. புதுப்பிப்பார்களா என்று காத்திருப்பவர் சங்கத்தில் சேர எப்படித் துணிவார்?

அதனால் 480 நாள் சட்டத்தைத்தான் முதலில் செப்பனிட வேண்டும். நாள் கணக்கைக் கான்ட்ராக்டர் பெயரை வைத்து எண்ணாமல், வேலை நடந்த ஆலையை வைத்து எண்ண வேண்டும். பதிவேட்டைக் காட்டாத நிர்வாகத்துக்கு எதிராகத் தொழிலாளி சொல்லும் கணக்கையே ஏற்க வேண்டும்.