தேய்ந்த பாகங்களோடு கட்டிய 13பி ரோட்டரி எஞ்சின்: நீண்ட கால அனுபவம்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி காரின் 13பி எஞ்சினைப் பிரித்துக் கட்டியபோது ரோட்டர்கள் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணப் பாகங்கள்), எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் தண்டு), பக்கவாட்டு ஹவுசிங்குகள் (ரோட்டர்களின் பக்கங்களை மூடும் தட்டுகள்), ஒரு ரோட்டர் ஹவுசிங் (ரோட்டரைச் சுற்றியுள்ள கூடு) என்று பழைய பாகங்கள் பலவற்றைத் திரும்பவும் போட்டேன். சில வருடங்களாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. எதைப் பழசாகவே விட்டது சரியாக வந்தது, எதில் குறை தெரிகிறது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் செலவு அதிகம் பிடிக்கும் ரோட்டர் ஹவுசிங். பிஸ்டன் எஞ்சின் என்றால் சிலிண்டரை போரிங் செய்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். இங்கே அந்த வழி கிடையாது. ஹவுசிங் அலுமினியம், உட்புறம் எஃகுத் தகடு, அதன் மேல் கடின குரோம். குரோம் உரிந்துவிட்டால் சாதாரண லேத் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது.

என் முன் ஹவுசிங்கில் ஸ்பார்க் பிளக் துளைகள் இருக்கும் பக்கம், விளிம்பை ஒட்டி மட்டும் குரோம் போயிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்புக்கு நடுவே மங்கலான திட்டு தெரியும், நகத்தால் வருடினால் அதன் ஓரம் தட்டுப்படும். நடுப்பகுதி சுத்தமாக இருந்ததால் அதையே போட்டேன். பின் ஹவுசிங்கில் உரிசல் ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில் இருந்து ஹவுசிங்கை உரசும் அடைப்பு) ஓடும் தடத்தின் நடுவரைக்கும் வந்திருந்தது. அப்படிப்பட்ட பரப்பில் புதுச் சீல் போட்டாலும் சரியாகப் படியாது, சீக்கிரமே தேய்ந்துபோகும். அதனால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கினேன்.

ஆகவே ஒரே எஞ்சினில் பழைய ஹவுசிங்கும் புது ஹவுசிங்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ரோட்டரிக்கென்றே உள்ள, அறைகளின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டரால் பார்த்தால் (சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும்தான் காட்டும்) முன் ரோட்டரின் மூன்று அளவுகளும் தங்களுக்குள் சமமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே பின் ரோட்டரைவிடக் குறைவு. ஒரு ஏபெக்ஸ் சீல் மட்டும் கெட்டிருந்தால் அதன் இரு பக்கத்து அறைகளின் அளவுதான் குறையும். மூன்றும் ஒன்றாகக் குறைந்திருப்பதால் ஹவுசிங்கின் மேல்தான் என் சந்தேகம். ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது, காலையில் குளிர்ந்த எஞ்சினும் உடனே பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சூடான பிறகு அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் மட்டும் ஸ்டார்ட்டர் கொஞ்சம் கூடுதல் நேரம் சுற்றுகிறது. மிச்சமான பணத்துக்கு இது எனக்குச் சம்மதம்.

பக்கவாட்டு ஹவுசிங்குகள் விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் அடைப்பு) ஓடிய இடத்தில் படி மாதிரி விழும் தேய்மானத்துக்கு வரம்பு 0.10 மி.மீ. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், மூன்றும் அதற்குள் வசதியாகவே இருந்தன. கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் பார்த்துப் பயந்து லேப்பிங் (பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவது) கொடுத்துவிடாதீர்கள். மேலே இருக்கும் நைட்ரைடு எனும் கடினப் படலம் மெல்லியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் இரும்பு வேகமாகத் தேயும்.

சீல்களில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவே இல்லை. பழைய ஏபெக்ஸ் சீல்களின் உயரம் வரம்புக்குள்தான் இருந்தது, இருந்தும் எல்லாவற்றையும் மாற்றினேன். 2 மி.மீ. தடிமன் உள்ள அந்தச் சீல் உடைந்தால் ரோட்டரையும் ஹவுசிங்கையும் கீறிவிட்டு, துண்டு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்கே போய்விடும். ஸ்பிரிங், ஓ-ரிங், கூலன்ட் சீல் எல்லாம் அளந்துகூடப் பார்க்க வேண்டாம், புதிதுதான். ஒரு கூலன்ட் சீல் கசிந்தால் மொத்த எஞ்சினையும் திரும்ப இறக்கியாக வேண்டும்.

சைடு சீல் புதிது போடுவதானால் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்தில் வைத்து, கார்னர் சீலுக்கும் (ரோட்டரின் மூலையில் இருக்கும் அடைப்பு) அதற்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வரும்வரை முனையை ராவ வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. கூடுதலாக ராவிவிட்டால் அந்தச் சீல் வீண். அந்த ரோட்டருக்கு, அந்தப் பக்கத்துக்கு, அந்தப் பள்ளத்துக்கு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாறினால் அளவும் மாறிவிடும்.

அடுத்த முறை பிரிக்கும்போது முன் ஹவுசிங்கை மாற்றிவிடுவேன். ரோட்டர்களை இப்போதே முடிவு செய்யவில்லை. ஏபெக்ஸ் சீலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி 0.15 மி.மீ. தாண்டாமல் இருந்தால் இதே ரோட்டர்கள் இன்னொரு முறையும் உள்ளே போகும்.