பெட்ரோல் பிரஷர் வாஷர்: என்ஜின் தங்கம், போர் தண்ணிதான் எமன்

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் என் பெட்ரோல் பிரஷர் வாஷர், பம்பைப் பிரித்து வேலை பார்த்து நேற்றுதான் கைக்கு வந்தது. அதே சமயம் குடியாத்தத்து மச்சானும் "விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?" என்று கேட்கிறார். பில்லைப் பார்த்த சூட்டோடு எழுதுகிறேன்.

என்ஜினை ஒரு குறை சொல்ல முடியாது. கரண்ட் எட்டாத கொல்லையில் டிராக்டரும் மாட்டுக் கொட்டகையும் கழுவ இதை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஆயில் மாற்ற வேண்டும், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். சமதரையில் நிறுத்தித்தான் அளவு பார்க்கணும். பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அதனால் மழைக்காலத்தில் சும்மா நிறுத்தும்போது டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்துவிடுவேன். இன்றைக்கும் ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கயிறு கையை நோகடித்தது இல்லை.

வயிற்றெரிச்சல் எல்லாம் தண்ணீரில்தான். பாலாற்றங்கரையில் போர் போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே அத்தனையும் உப்பு. ஹோஸ் மாட்டும் இடத்தில் இருக்கும் சின்ன சல்லடையைக் கழற்றி விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும், அடியில் நறநறவென்று மணல். இது கண்ணுக்குத் தெரிவதால் கழுவிவிடலாம். தெரியாத இடம் அன்லோடர் வால்வு. தண்ணீர் பீய்ச்சும் கன்னை அழுத்தாமல் விட்டதும் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே சுற்ற வைப்பது அதுதான். சுற்றச் சுற்றத் தண்ணீர் சூடாகும், சூடான உப்புத் தண்ணீர் அங்கேயே படியும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வருவதே கொதிக்கும். வேலூர் காகிதப்பட்டறை மெக்கானிக் வால்வைக் கையில் வைத்துக் காட்டினார். முனை முழுக்க வெள்ளைப் பொருக்கு, ரப்பர் சீலின் உதட்டில் கீறல். கன் விட்டு விட்டு உதைத்ததற்கு அதுதான் காரணம்.

விற்ற கடைக்காரர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. வேலூரில் கடை வைத்துக்கொண்டு உப்புத் தண்ணியைச் சொல்லாமல் விற்கலாமா? அவரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. கையேட்டிலேயே ஆயிலுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தண்ணீருக்கு 'சுத்தமானது' என்று ஒரே வரிதான் போட்டிருக்கிறார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து டிராக்டர் கழுவ எனக்கு மனசு வராது.

மெக்கானிக் சொன்னபடி இப்போது கன்னை விட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்ஜினை ஓட விடுவதில்லை. வேலை முடிந்ததும் உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்து மழைத்தண்ணீரை அரை நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, கன்னை அழுத்தி மிச்ச பிரஷரை இறக்கிவிடுகிறேன். சல்லடையை ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்கிறேன்.

இவ்வளவும் செய்கிற பொறுமை எனக்கு இருக்கிறது, விற்கவும் மாட்டேன். ஆனால் மச்சானுக்கு என் பதில், வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். கேட்கமாட்டார் என்றால், முதலில் அவர் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். குடிநீருக்கே கடினத்தன்மை, அதாவது இப்படி வெள்ளையாகப் படியும் உப்பு, லிட்டருக்கு 600 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டியிருந்தால் கடைப் பக்கமே போகக் கூடாது.