ஸ்பின்-ஆன் கார்பன் ஹார்டுமாஸ்க்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

சிப் தயாரிப்பில் வேஃபர் எனும் சிலிக்கான் தட்டின் மேல் திரவமாகச் சுழற்றிப் பூசி, சூட்டில் இறுக்கி (இதுதான் பேக்), கீழே உள்ள அடுக்கை அரித்து வெட்டும்போது (எட்ச்) மறைப்பாக வைக்கும் கார்பன் படலம்தான் ஸ்பின்-ஆன் கார்பன் ஹார்டுமாஸ்க். இதன் டேட்டாஷீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது கார்பன் சதவீதம்தான். 80, 85, 90 என்று எண் ஏற ஏற சரக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். இப்போது முதலில் கேட்பது வேறு: பேக் முடிந்த பிறகு படலத்தில் ஹைட்ரஜன் எவ்வளவு மிச்சம், பேக் ஆகும்போது எவ்வளவு ஆவியாகிப் போகிறது.

மேலே ரெசிஸ்ட் (ஒளியால் வடிவம் பதியும் பூச்சு), நடுவில் மெல்லிய சிலிக்கான் படலம், அடியில் கார்பன் என்று வழக்கமான மூன்றடுக்குதான் எங்களுடையதும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் கார்பனில் வடிவத்தை வெட்டியபோது கோடுகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அதையே மாஸ்க்காக வைத்து ஃப்ளூரோகார்பன் பிளாஸ்மாவில் அதன் கீழுள்ள ஆக்சைடை எட்ச் பண்ணிவிட்டு எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்த்தால், அகலமான கோடுகள் அப்படியே இருக்க, ஒல்லியான கோடுகள் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தன. கார்பனோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜன் விலகி அந்த இடத்தில் ஃப்ளூரின் வந்து உட்காரும்போது பொருள் உப்புகிறது, அடிப்பக்கம் பிடித்திருப்பதால் உயரமான ஒல்லிக் கோட்டுக்கு வளைவதைத் தவிர வழியில்லை. பேக்கை 250 டிகிரியிலிருந்து 350க்கு ஏற்றினோம். குறுக்குப் பிணைப்பு கூடி ஹைட்ரஜன் குறைந்தது, நெளிவும் பெருமளவு அடங்கியது.

சரி, தீர்ந்தது என்று பார்த்தால் துகள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஹாட் பிளேட் மூடியைத் திறந்து உள்பக்கம் துடைத்தேன், துணி முழுக்கப் பழுப்பு. சிறிய மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகி மூடியில் படிந்து, உதிர்ந்து அடுத்த வேஃபரில் விழுந்திருக்கின்றன. முதலில் குறைந்த சூட்டில் ஒரு பேக், அப்புறம் அதிகச் சூட்டில் நைட்ரஜனில் ஒன்று என்று பிரித்து, எக்ஸாஸ்ட்டையும் கூட்டியதும்தான் நிம்மதி. நைட்ரஜனை விடாதீர்கள், அந்தச் சூட்டில் காற்று பட்டால் படலம் ஆக்சிஜனேற்றமாகித் தேய்கிறது.

எட்ச் தாங்குவதில், வாயுவிலிருந்து படிய வைக்கும் சிவிடி கார்பன் இன்னும் ஒரு படி மேல், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மேடு பள்ளமான வேஃபர் என்றால் நான் ஸ்பின்-ஆன் பக்கம்தான். திரவமாக ஓடிப் பள்ளத்தை நிரப்பும், ரெசிஸ்ட் பூசும் அதே டிராக்கில் (பூச்சு இயந்திரம்) வேலை முடியும். ஒன்று மட்டும், பள்ளங்கள் நெருக்கமாக இருக்கும் இடம் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அங்கே மேல்மட்டம் பள்ளமில்லாத இடத்தைவிடத் தாழ்ந்துவிடும். அதனால் புது பாட்டில் எது வந்தாலும் வெறும் வேஃபரில் தடிமன் அளந்து திருப்திப்படுவதில்லை, பள்ளம் உள்ள வேஃபரில் பூசி, குறுக்கே உடைத்துப் பார்க்கிறேன்.